பதினாலாம் நம்பர் காட்டுல நின்ன பொம்மைங்க

இல்ல இல்ல, அந்த பொம்மைங்கள ஜோமோள் மந்திரிக்காகத்தான் செஞ்சா. லயத்து ஆளுகள பயமுறுத்த இல்ல. அத முதல்ல தெளிவா வச்சுக்கங்க. மூணாறு பூரா இப்ப மாத்திச் சொல்லிட்டுத் திரியுறாங்க. சூனியக்காரின்னு கூட ஒருத்தன் கமெண்ட் போட்டிருக்கான். சூனியமாவது! பல்லியப் பார்த்தாலே கட்டில் மேல ஏறி நிக்கிற புள்ள அது.

கீழ் லயம்னா, ஆனைக்கல் டிவிஷன்ல மலை அடிவாரத்துல ஒரே வரிசையா பதினேழு வீடு. தகரக் கூரை, நடுவுல ஒத்தச் செவுரு. இந்த வீட்டுல தும்முனா அடுத்த வீட்டுல இருந்து "ஆண்டவரே"ன்னு சத்தம் வரும். மொத்தம் அம்பத்திரண்டு பேரு. பின்வாசல்ல இருந்து கொஞ்சம் எட்டு வச்சா பதினாலாம் நம்பர் காடு. காடுன்னா தேயிலைக் காடுதான், செங்குத்தா மேல ஏறும். போன மழையில அதோட உச்சியில ஒரு வெடிப்பு விழுந்துச்சு, முழங்கை வரைக்கும் உள்ள போகும். ஆபீசருங்க வந்தாங்க. கீழயே குடையப் புடிச்சிட்டு நின்னு அண்ணாந்து பார்த்தாங்க. "ஆபத்து இல்லை"ன்னு எழுதிட்டு ஜீப் ஏறிட்டாங்க.

ஜோமோளோட அம்மா சந்தனமேரி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். மாத்து எடம் எழுத்துல குடுங்க, நாங்க எறங்குறோம். அவ இருபத்தொம்பது வருசமா கொழுந்து எடுக்குறா, கம்பெனி பழக்கம் அவளுக்குத் தெரியாதா? எழுத்து இல்லாம சாவியக் குடுத்தா அன்னைக்கே பூட்டு விழும், அப்புறம் யாரு வாசல்ல போய் நிக்கிறது? அபேட்சை, அதான் மனு, குடுத்துக் குடுத்து ஓஞ்சுபோனாங்க. சந்தனமேரி எறங்காம அந்த லயத்துல ஒரு குடும்பமும் எறங்காது. அவ சொல்லுக்கு அப்படி ஒரு கனம்.

இதுக்கு நடுவுலதான் எதிர்மலையில டூரிஸ்டுக்குக் கண்ணாடிப் பாலம் திறக்க மந்திரி வாராருன்னு செய்தி. அந்த ரோட்டுல இருந்து பார்த்தா கீழ் லயமும் பதினாலாம் காடும் கண்ணுக்கு நேரா தெரியும். லயத்து ஆளுக கொடியோட நிப்பாங்கன்னு தெரிஞ்சு முன்கூட்டியே ஆர்டர் போட்டுட்டாங்க. அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாது.

ஜோமோள் டிகிரி முடிச்சிட்டு சும்மா இருந்தா. சும்மாவா, போனுக்குள்ள குடியிருந்தா! எங்கயோ ஒரு ஊர்ல ஊர்வலத்துக்குத் தடை போட்டதும், ஜனங்க ஒரு பெரிய மைதானம் நெறைய வெறும் செருப்ப மட்டும் வரிசையா வச்சிட்டுப் போயிட்டாங்களாம். இன்னொரு நாட்டுல பனிக்குள்ள குட்டிக் குட்டி பொம்மைய நட்டு அதுங்க கையில போர்டு குடுத்திருக்காங்க. போலீசு மண்டையப் பிச்சிக்கிட்டு நின்னிருக்கு. இன்னொரு எடத்துல வெறும் வெள்ளப் பேப்பர், ஒரு எழுத்து கெடையாது, அதத் தூக்கிப் புடிச்சதுக்கே புடிச்சிட்டுப் போயிருக்காங்க. இதெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு ராவும் பகலும் ஒரே பரபரப்பு.

"யம்மா, ஆளுதான நிக்கக்கூடாது? ஆளுக்குப் பதிலா பொம்ம நின்னா?"

சந்தனமேரி சோத்துல இருந்து கைய எடுக்காமலே, "போய் செய்யி. உன் அபேட்சைக்காவது பதில் வருதான்னு பாப்போம்"னா.

ஆளுக்கு ஒரு பொம்ம. கவாத்துல வெட்டிப்போட்ட கம்பு, கொழுந்துச் சாக்கு, உள்ள காஞ்ச புல்லு. தலைக்கு வெள்ள உரச் சாக்கு. அவங்கவங்க பொம்மைக்கு அவங்கவங்களே பழைய துணி குடுக்கணும்னு ஜோமோள் கண்டிசன் போட்டா. பொம்பளைங்க கொழுந்து எடுக்கும்போது சேலைக்கு மேல மாட்டுற ஆம்பளச் சட்ட, இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் படங்கு, தலத்துண்டு. சின்னப் புள்ளைங்களுக்குச் சின்னக் கம்பு, யூனிபாரம்.

பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி வாசல்ல உக்காந்து தன் பொம்மைக்குப் புல்லு திணிச்சா. "ஏட்டி, எனக்கு இடுப்பு இம்புட்டு அகலமா?"

"இன்னும் கொஞ்சம் வேணும் பெரியம்மா."

"செருப்பு பிஞ்சிரும். சரி, மூஞ்சி எங்க? கண்ணு மூக்கு வரையலயா?"

"வேணாம். மூஞ்சி இல்லாமதான் வைக்கணும். அவங்களுக்கு நம்ம மூஞ்சி என்னைக்குத் தெரிஞ்சுது?"

முத்துப்பேச்சி திணிச்ச கைய நிறுத்திட்டா. "நல்லாத்தான் சொல்லுத. ஆனா உசுரோட இருக்கவ துணிய இப்படி நட்டு வைக்கது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு புள்ள"ன்னா. சொல்லிட்டு, மறுபடியும் திணிச்சா.

காட்டுல யாரு எந்த நெரையில நின்னு எடுப்பாங்களோ அந்த நெரையிலயே அவங்க பொம்மைய நட்டாங்க, எடுக்காதவங்க பொம்மைய வீட்டாளு பக்கத்துல. சந்தனமேரிக்கு நாலாவது நெரை, பதினோராவது செடி. ஜீப் ஓட்டுற ஜின்சன்தான் கடப்பாரையால குழி போட்டுக் குடுத்தான். அவனும் கீழ் லயம்தான். அவன் பொம்மைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டணும்னான். ஜோமோள் விடல.

மந்திரி வந்த அன்னைக்குக் காலையில ஒரே மஞ்சு, எதுவுமே தெரியாத மூடுபனி. வண்டிங்க வரிசையா வளைவுல திரும்புற நேரம் பார்த்து மஞ்சு விலகுச்சு. ரோட்டுக்கு நேர் எதிர்ல, பதினாலாம் காட்டுல அம்பத்திரண்டு பேரு, அசையாம, மூஞ்சி இல்லாம, ரோட்டப் பார்த்து நிக்கிறாங்க. முதல் வண்டி பிரேக் போட்டுச்சு, பின்னாடி வந்தது எல்லாம் போட்டுச்சு. அந்த வீடியோ அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கேரளா முழுக்க ஓடிருச்சு.

போலீசு வந்தது. புடுங்குன்னாங்க. ஜோமோள், "பொம்ம தான சார், அதுங்களுக்கு மலையாளத்துல ஆர்டர் வாசிக்கத் தெரியாது"ன்னா. எஸ்டேட் பீல்டு ஆபீசர் லயத்து ஆளுகளப் பார்த்து, "அவங்கவங்க பொம்மைய அவங்கவங்க புடுங்கிப் போடுங்க"ன்னாரு. ஒருத்தரும் அசையல. தன்னையே தான் எப்படிப் புடுங்கிப் போடுறது? போலீசுக்காரங்களும் அந்த வெள்ளத் தலைங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தாங்க, ஒருத்தர் தொப்பியச் சரி பண்ணிக்கிட்டாரு, "நாளைக்கு வாரோம்"னு எறங்கிட்டாங்க. அதோட வரவே இல்ல.

இதுவரைக்கும் சமரம், போராட்டம். இதுக்கப்புறம்தான் வேற.

ஜோமோள் தினமும் காலையில அடுக்களை ஜன்னல்ல இருந்து ஒரே மாதிரி ஒரு போட்டோ எடுத்துப் போடுவா. "இன்னைக்கு ஆறாம் நாள், பதில் இல்லை"ன்னு. எட்டாம் நாள் ஜின்சன் ஜீப்புல உக்காந்து எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு ஓடி வந்தான்.

"புள்ள, ஜூம் பண்ணியா?"

"இல்லையே."

"அப்ப இதப் பாரு. முத நாளு. இது இன்னைக்கு. பெருசாத் தெரியல?"

தெரிஞ்சுது. அதே ஜன்னல், அதே கம்பி. பொம்மைங்க மட்டும் பெருசு. கிட்ட வந்த மாதிரி.

ரெண்டு பேரும் மேல ஏறுனாங்க. எஸ்டேட் ஆளு எடத்த எப்படி அளப்பான்? மீட்டர் தெரியாது, அடி தெரியாது. நெரையும் செடியும்தான் கணக்கு. ஜின்சன் நெரை எண்ணுனான், ஜோமோள் செடி எண்ணுனா. சந்தனமேரி, நாலாவது நெரை, பதினோராவது செடி. அங்கதான் நிக்குது. முத்துப்பேச்சி, ஏழாவது நெரை, மூணாவது செடி. அங்கதான். அம்பத்திரண்டும் அதது எடத்துல. குழி மண்ணு கூடக் கலையல. ஆனா எல்லாமே லேசா முன்னாடி சாஞ்சிருந்துச்சு, கீழ லயத்துல என்ன பேசுறாங்கன்னு காது குடுக்குற மாதிரி.

"நகரல. நீ கைய ஆட்டி எடுத்திருப்ப"ன்னான் ஜின்சன். குரல் அவனுக்கே பத்தல.

மறுநாள் போட்டோவுல இன்னும் கிட்ட. போய் எண்ணுனா, அதே செடி. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். விசயம் லயத்துல பரவிருச்சு. காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, பேர் விளிக்கும்போது பதினாலாம் காடுன்னா ஒருத்தியும் வாயத் திறக்கல. பொம்பளைங்க பின்வாசலைச் சாத்திட்டாங்க. "நான் அப்பவே சொன்னேம்லா"ன்னு முத்துப்பேச்சி ஆரம்பிச்சா. பகல்ல, நல்ல வெளிச்சத்துல, துணி துவைச்சிட்டு நிமிர்ந்தா முதுகுக்குப் பின்னாடி அம்பத்திரண்டு தலை. ஒரு சத்தம் கெடையாது. காத்தடிச்சா படங்கு மட்டும் சடசடங்கும்.

பதிமூணாம் நாள் மத்தியானம் சந்தனமேரி பின்னாடி நின்னு கத்துனா. "எவடி இந்தக் கயித்த அவுத்து அவுத்துக் கட்டுறது? முந்தாநாளுதான் விறைப்பா இழுத்துக் கட்டுனேன். துணியெல்லாம் சகதியில கெடக்கு!"

ஜோமோள் வந்து பார்த்தா. கொடிக்கயிறு ஒரு பக்கம் லயத்துச் செவுத்து ஆணியில, இன்னொரு பக்கம் காட்டோரத்து சில்வர் ஓக் மரத்துல. முடிச்சு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. ஆனா கயிறு தொங்குது. அவ அந்த மரத்தப் பார்த்தா, செவுத்தப் பார்த்தா. திரும்பவும் மரத்தப் பார்த்தா.

பொம்ம நகரல. சரிதான். ஆனா செடி? செடிய எண்ணித்தான அளந்தோம்? செடியும் சேர்ந்து வந்திருந்தா? மரம், நெரை, மண்ணு, எல்லாம் மொத்தமா, சத்தமே இல்லாம லயத்தப் பார்த்து எறங்கிட்டு இருந்தா?

பதிமூணு போட்டோவையும் வில்லேஜ் ஆபீசுக்கு அனுப்புனா. கயிறு பழசா இருக்கும்னு பதில் வந்துச்சு. அதாவது பதில் வந்துருச்சு! சந்தனமேரி அதக் கேட்டுச் சிரிச்சா. அன்னைக்குச் சாயங்காலமே மழை புடிச்சிருச்சு.

"யம்மா, சர்ச் ஹால்ல எடம் கேட்டிருக்கேன். இன்னைக்கே போயிரலாம்."

"எழுத்து?"

"மலை சரிஞ்சு உருள்பொட்டல் வந்தா எழுத்து யாருக்கும்மா?"

"ஏட்டி, இவ்வளவு தூரம் நின்னுட்டு இப்ப நானே சாவியக் கொண்டுபோய்க் குடுத்தா, பயந்து ஓடிட்டாங்கன்னு கேச முடிச்சிருவான். நான் எறங்க மாட்டேன். வேணும்னா நீ போ."

சந்தனமேரி எறங்கலன்னா பதினேழு வீடும் எறங்காது. புள்ளைங்க உட்பட அம்பத்திரண்டு பேரு. ரெண்டு நாளு மழை நிக்கல. ஜோமோள் அழுது பார்த்தா, கத்திப் பார்த்தா, சாப்பிடாம இருந்து பார்த்தா. கடைசியில ஒரு முடிவு எடுத்தா, நெனச்சா அவளுக்கே அசிங்கமா இருந்துச்சு. அம்மாவோட பொம்மைய மட்டும் புடுங்கி, விடியும்போது பின்வாசல்ல கொண்டுவந்து நட்டுறது. மந்திரிக்கு வச்ச வேலைய பெத்த தாய்க்கே வைக்கிறது. அம்மா பயந்தாலும் பயப்படாட்டியும் மத்தவங்க பயப்படுவாங்க, அவளையும் இழுத்துட்டு ஓடுவாங்கன்னு கணக்கு.

பதினஞ்சாம் நாள் காலையில அஞ்சரை இருக்கும். அம்மா கட்டில்ல கம்பளியத் தலை வரைக்கும் இழுத்து மூடிக் கெடந்தா. ஜோமோள் முன்வாசல் வழியா வெளிய வந்து சுத்திப்போய் ஏறுனா. மஞ்சுல கைய நீட்டுனா கை தெரியல. நெரைய தடவித் தடவித்தான் போறா. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலாவது நெரையில திரும்பி செடிய எண்ணுறா. பத்து. பதினொண்ணு.

பொம்ம இல்ல.

போன் வெளிச்சத்த அடிச்சுப் பார்த்தா, குழி மட்டும் இருந்துச்சு. உள்ள தண்ணி. அக்கம்பக்கத்துப் பொம்மையெல்லாம் அப்படியே சாஞ்சு நிக்குது. நடைபாதையில குனிஞ்சு பார்த்தா, ஈர மண்ணுல வட்ட வட்டமா ஒரு வரிசைக் குழி, கம்ப ஊணி ஊணி எறங்குன மாதிரி. கால் தடம் ஒண்ணு கூட இல்ல.

அந்த வரிசையப் புடிச்சுக்கிட்டே எறங்குனா, அது நேரா அவ வீட்டுப் பின்வாசலுக்குப் போச்சு. அங்க, கதவ ஒட்டி, அம்மாவோட கட்டம்போட்ட சட்டையும் படங்கும் போட்டுக்கிட்டு அது நின்னுட்டு இருந்துச்சு. கதவத் தட்டப் போற மாதிரி.

முத்துப்பேச்சி அடுப்புக்கு விறகெடுக்கத் தன் வீட்டுப் பின்கதவத் திறந்தவ அதப் பார்த்துப் போட்ட கத்துல லயமே எழுந்துருச்சு. சந்தனமேரி வெளிய வந்தா. அந்த மூஞ்சியில்லாத தலைய ஒரு நிமிசம் பார்த்தா. யாரையும் ஒண்ணும் கேக்கல. "சரி. என்னையே அனுப்பிக் கூப்புடுறாங்க. புள்ளைங்கள எடுங்க"ன்னா. அவ்வளவுதான். ஜின்சன் ஜீப் எட்டு தடவ போயிட்டு வந்துச்சு. சாவிய மட்டும் அவ யாருக்கும் குடுக்கல, இடுப்புல சொருகிக்கிட்டா.

மத்தியானம் மூணு மணிக்குப் பதினாலாம் காடு எறங்குச்சு. லயம் இருந்த எடத்துல இப்ப சிவப்பு மண்ணு. ஒரு உசுரு போகல.

இப்ப எல்லாரும் சர்ச் ஹால்லதான் இருக்காங்க. மாத்து எடம் "பரிசீலனையில்" இருக்காம். அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ் முன்னாடி மறுபடி அம்பத்திரண்டு நடலாம்னு ஜோமோள் சாக்கு சேக்குறா. பொம்மைய அவதான் தூக்கிட்டு வந்தான்னு ஊரே நம்புது, ஜின்சனும் நம்புறான். அவளும் இல்லன்னு சொல்லல. ஏன்னா தூக்கப் போனவ தான அவ.

ஆனா அன்னைக்கு ஜீப்புல ஏறும்போது அம்மாவோட கணுக்காலப் பார்த்திருக்கா. அட்டை கடிச்சு ரத்தம் ஒரு கோடா எறங்கிட்டு இருந்துச்சு. சேலை ஓரம் முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. அது காலையில சாமான் தூக்கும்போது நடந்ததா, இல்ல அதுக்கும் முன்னாடியா? கொழுந்து எடுக்குற பொம்பளைங்க வழுக்குற பாதைய மிதிக்கவே மாட்டாங்க, ஓரத்துப் புல்லுலதான் காலு வைப்பாங்க, கையில கம்பிருந்தா ஊணிக்குவாங்க. அதனாலதான் தடம் இல்லையா? ஆனா அம்மா கம்பளிக்குள்ள கெடந்தாளே. கெடந்தாளா, இல்ல கம்பளி மட்டும் கெடந்துச்சா? கேட்டா சந்தனமேரி, "போடி வேலையப் பாரு"ங்குறா, சிரிக்கவும் மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்க, எறங்குறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு அவளே தன்னத் தூக்கிட்டு வந்திருப்பாளா, இல்ல அது தானாவே வந்துச்சா, உங்களுக்கு என்ன தோணுது?