ஆயிரம் கன்னத்துக்கு மை

1995ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை, ஓவிய ஆசிரியை ஹம்சவேணி தெருமுனை அடிபம்பைப் பார்த்துப் பார்த்து வரைந்து முடித்ததும், அடிபம்பு தெருவை விட்டுப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் சிமென்ட் மேடைகூட மிச்சமில்லை, தரை பெருக்கிவிட்டதுபோல் கிடந்தது. குடங்களோடு வரிசையில் நின்ற பெண்கள் வரிசையைக் கலைக்காமல் அரைமணி நேரம் காத்திருந்தார்கள், பம்பு போனாலும் இடம் போய்விடக் கூடாதல்லவா. பம்பு இருந்தது ஹம்சவேணியின் தாளில். படத்திலிருந்த குழாயின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து மேசை நனைந்துகொண்டிருந்தது.

தெற்குமாசி வீதிக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்தில் சௌராஷ்டிர வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும். கல்யாணம் வேண்டாமென்று சொல்லி வீட்டாரை ஜெயித்த ஹம்சவேணிக்குப் பக்கத்து வீடு, அச்சக முதலாளி பீர் முகமதுவுடையது. அவர் மனைவி அஜ்மல் பீவிதான் கைக்குழந்தை ருமானாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்குடத்தோடு வந்து படத்தை எட்டிப் பார்த்தார். "இம்புட்டு அச்சு அசலா வரைஞ்சு வச்சா கண்ணு படாதாக்கா?" என்றவர், பிள்ளையின் கன்னத்திலிருந்த திருஷ்டி மையை விரலால் தொட்டு, படத்தில் பம்பின் கைப்பிடிமேல் ஒரு பொட்டு வைத்தார். வெளியே வரிசையில் சத்தம் கேட்டது. பம்பு பழைய இடத்தில் நின்றது, கைப்பிடியில் மட்டும் ஒரு கரும்புள்ளி கூடுதலாக இருந்தது. குறையே இல்லாமல் வரைந்தால் ஹம்சவேணியின் படம் பொருளை இழுத்துக்கொள்ளும், ஒரு பொட்டு வைத்துக் குறையாக்கினால் விட்டுவிடும் என்று தெரு புரிந்துகொண்டது. அதற்குமேல் யாரும் ஆராயவில்லை, தண்ணீர் பிடிக்கிற வேலை இருந்தது. அன்றிலிருந்து ஹம்சவேணி எதை வரைந்தாலும் ஓரத்தில் ஒரு பொட்டு வைக்காமல் விட்டதில்லை.

1997இல் அவர் குழந்தைகளுக்கு ஒரு மாயக்கதை எழுத ஆரம்பித்தார். 'மணலுக்கடியில் ஒரு துறைமுகம்' என்று பெயர். வற்றிக் கிடக்கும் வைகை மணலுக்கு அடியில் இன்னொரு வைகை கரைபுரண்டு ஓடுகிறது, அதில் கப்பல்கள் வந்து நிற்கின்றன, ஒரு சிறுமி உள்ளே இறங்கிப் போய்த் தண்ணீரை மேலே கூட்டி வருகிறாள் என்பது கதை. எழுத்தும் அவருடையது, படமும் அவருடையது. பசுமலையில் பள்ளி முடிந்து வந்ததும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஆறு வருஷம் எழுதினார். படங்கள் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றில் அந்தச் சிறுமி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறாள். கடைசிப் படத்தில் மணலைப் பிளந்துகொண்டு வந்து நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மனசில் தோன்றிய முகத்தையெல்லாம் போட்டுப் பார்த்தார், ஒன்றிலும் உயிரில்லை. அதே மேசையின் மறுமுனையில் வீட்டுப்பாடம் எழுதியே வளர்ந்த ருமானாவுக்கு அப்போது எட்டு வயது. "என் மூஞ்சியப் போடுங்க டீச்சர். முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு, அதையும் போடுங்க" என்றாள். ஹம்சவேணிக்குப் பயம் வந்தது. ஆசையும் வந்தது. வெறும் தாளில் முதலில் பொட்டை வைத்தார், பிறகு அந்தப் பொட்டைச் சுற்றித்தான் கன்னத்தை வரைந்தார். அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் சிறந்த படம்.

2003 ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பசுமலையில் ஒரு பள்ளி மண்டபத்தில் வெளியீட்டு விழா என்று முடிவாயிற்று. ஆயிரம் பிரதி பீர் முகமதுவின் அச்சகத்திலேயே அச்சானது. அங்கே சோணை என்பவருக்கு ஃபிலிம் திருத்துகிற வேலை. படமெடுத்த நெகட்டிவில் தூசி விழுந்த இடமெல்லாம் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரியும், அதைச் சிவப்பு மையால் அடைக்காவிட்டால் அச்சில் கரும்புள்ளியாக விழுந்துவிடும். சோணை அந்த வேலையில் கெட்டிக்காரர், அதுதான் வினையாயிற்று. மற்றப் படங்களின் பொட்டுகள் மணலிலும் பாய்மரத்திலும் ஒளிந்துகொண்டு அவர் கண்ணுக்குத் தப்பின. கடைசிப் படத்தில், முதலாளி மகளின் கன்னத்தில், பளிச்சென்று ஒரு துளை தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மெல்லிய தூரிகையால் அதை அடைத்தார். அதற்கு முன்பே எடுத்த ப்ரூஃபில் பொட்டைப் பார்த்து நிம்மதியாகியிருந்த ஹம்சவேணிக்கு இது தெரியாது.

ஒரே ஒரு படமாக இருந்திருந்தால் பிள்ளை ஒரேயடியாகப் போயிருப்பாள். ஆயிரம் படம் என்பதால் ஆயிரத்தில் ஒரு பங்காகப் போனாள். புதன்கிழமை பைண்டிங் தொடங்கியது. தைத்து அட்டை போட்ட பிரதி ஒவ்வொன்றுக்கும் ருமானாவில் ஒரு பங்கு குறைந்தது. அன்று மாலை அவள் நிழல் வெளுத்தது. வியாழக்கிழமை தலை பின்னும்போது, மகளின் கழுத்து வழியாகப் பாவாடையின் பூப்போட்ட கரை அஜ்மல் பீவிக்குத் தெரிந்தது. ரத்தம் கம்மி என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக் தொண்டையில் இறங்கி வயிற்றில் சேர்வதை வீடே நின்று பார்த்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த பீர் முகமது, சுவர்க் காலண்டரின் தேதியை மகள் வழியாகவே படித்தார். அவர் காலண்டரைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புத்தகக் கட்டுகள் ஹம்சவேணியின் வீட்டுக்கு வந்தன. விழாவுக்கு முன்னால் தன் புத்தகத்தை ஆசையாக ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டுமென்று கட்டைப் பிரித்தவர், கடைசிப் பக்கத்துக்குப் போனார். கன்னம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வாசலில் யாருமில்லை. யாருமில்லாத வாசலிலிருந்து, "டீச்சர், எம்படம் வந்துருச்சா?" என்று ருமானாவின் குரல் மட்டும் கேட்டது.

ஹம்சவேணி போட்ட சத்தத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் ஓடிவந்தார்கள். அச்சகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட சோணை, "மொதலாளி மக மூஞ்சில அழுக்கு விழலாமாண்ணே? அதான் சுத்தமாச் செஞ்சேன்" என்றார். அவரை அடிக்கக் கையோங்கிய கணவரை அஜ்மல் பீவி தடுத்தார். "அவர அப்புறம் அடிக்கலாம். மொதல்ல மைய எடுங்க." தெருவில் இருந்த மை டப்பாக்கள் அத்தனையும் வந்து சேர்ந்தன. தீக்குச்சி முனையால் தொட்டு, பக்கத்தைத் திருப்பி, இடது கன்னத்தில் ஒரு பொட்டு. சௌராஷ்டிரப் பெண்கள் ஒரு பக்கம், முஸ்லிம் பெண்கள் ஒரு பக்கம், நடுவில் அழுதுகொண்டே பொட்டு வைக்கிற சோணை. இருநூறு ஆனபோது முற்றத்தில் ஒரு புகைபோல் எதுவோ நின்றது. ஐநூறில், நல்ல கண் உள்ளவர்களுக்குப் பிள்ளை தெரிந்தாள். எண்ணூறில் அவள் நிழல் தரையில் விழுந்தது, அதைப் பார்த்ததும் பீர் முகமது அந்த நிழலின்மேலேயே மடங்கி உட்கார்ந்து அழுதார். கடைசிக் கட்டு முடிந்தபோது ருமானா முழுசாக நின்றுகொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தார்கள். 999.

திரும்ப எண்ணினார்கள். 999தான். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், விரல் பத்தும் இருந்தது, காது இருந்தது, விழுந்த பல்லின் இடம்கூட அப்படியே இருந்தது. "ஆயிரத்துல ஒண்ணுதானே" என்று யாரோ சொன்னார்கள். அஜ்மல் பீவி சட்டென்று திரும்பினார். "எந்த ஒண்ணுன்னு தெரியுமா உங்களுக்கு?" அந்தக் கேள்விக்குப் பதில் உடனே கிடைத்தது. ருமானா தன் அத்தா பீர் முகமதுவைக் கட்டிக்கொண்டாள், டீச்சரைக் கட்டிக்கொண்டாள், தெருப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொன்னாள். பிறகு கையெல்லாம் மையாக நின்ற அஜ்மல் பீவியைப் பார்த்து, "அத்தா, இவங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

காணாமல்போன பிரதியைச் சோணைக்கு ஞாபகமிருந்தது. முதல் முதலாகத் தைத்த பிரதி அது. புத்தகத்தை வெளியிட இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சௌரிராஜன், திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டியில் இருந்தார். முன்கூட்டியே படித்துவிட்டு வரட்டும் என்று புதன்கிழமையே பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார் சோணை, எல்லோரும் பார்சல் கொடுத்தனுப்புகிற வழக்கம்தான். பீர் முகமதுவும் சோணையும் பைக்கில் கல்லுப்பட்டிக்குப் போனார்கள். தலைமையாசிரியர், தனக்கு எதுவும் வரவில்லை என்று கைவிரித்தார். கண்டக்டர் விருமாண்டியைப் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பிள்ள ஓயாம அழுதுக்கிட்டே வந்துச்சுண்ணே. படத்தப் பாத்தா அமருமேன்னு இதக் குடுத்தேன். கடைசிப் படத்தப் பாத்ததும் வாய மூடிருச்சு. திருமங்கலம் தாண்டி எங்கயோ தாயும் பிள்ளையும் எறங்கிட்டாங்க. வாங்கணும்னு நெனப்பே இல்ல." திருமங்கலத்துக்கும் கல்லுப்பட்டிக்கும் நடுவே உள்ள கரிசல் ஊர்களில் பொழுது சாயும்வரை இருவரும் வீடு வீடாகக் கேட்டார்கள். அழாத பிள்ளை எந்த வீட்டில்தான் இருக்கிறது?

ஹம்சவேணி விழாவை நிறுத்திவிடலாம் என்றார். பிரதிகளை வீட்டுக்குள் அடுக்கிப் பூட்டி, தானும் உள்ளேயே இருந்து காவல் காக்கப் போவதாகச் சொன்னார். அஜ்மல் பீவி மறுத்தார். "பூட்டி வச்சா எம்பிள்ள எனக்குத் திரும்பிருவாளாக்கா? புஸ்தகம் ஊர் ஊராப் போகட்டும். போனாத்தான் பொட்டு வைக்கிற சேதியும் போகும், என்னைக்காச்சும் அந்த வீட்டுக்கும் போய்ச் சேரும்." பிறகு, "உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. அத அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் எண்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். கதை சொல்லத் தயாரித்து வைத்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, ஹம்சவேணி நடந்ததை நடந்தபடி சொன்னார். இந்தப் பொட்டை அழிக்கக் கூடாது, அழிந்தால் உடனே வைக்க வேண்டும், எங்கே அச்சில் ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்தாலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போங்கள் என்றார். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் நம்பினார்கள். முன்வரிசையில் ருமானா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஜ்மல் பீவியிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா?" என்று கேட்டாள். அஜ்மல் பீவி தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த ஆறு வருஷம் இரண்டு வீட்டுக்காரர்களும் பயத்தோடுதான் இருந்தார்கள். ஆயிரம் வீட்டில் ஒரு பிள்ளையைக் குடிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? சமயநல்லூரில் ஒரு சிறுவன் எச்சில் தொட்டுப் பொட்டை அழித்துப் பார்த்தபோது, ருமானாவின் கட்டைவிரல் நகம் இரண்டு நாள் காணாமல் போயிற்று. மூன்றாம் நாள் அவன் அம்மா திரும்ப வைத்ததும் நகம் வந்தது. ஒரு கார்த்திகை மழையில் எங்கோ ஒரு வீட்டுப் பரண் ஒழுகிப் பொட்டு கரைந்ததில், ருமானாவுக்கு வாய்ப்பாட்டில் ஏழாம் பெருக்கல் முழுக்க மறந்துபோனது. ஆனால் வழக்கம் பரவியது. பிள்ளைகள் செய்தித்தாளிலும் காலண்டரிலும் சோப்பு உறையிலும் சிரித்த குழந்தைகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் கிறுக்கியதாக வாத்தியார்கள் அடித்தார்கள், பிறகு தங்கள் வீட்டுக் காலண்டரில் தாங்களே வைத்துக்கொண்டார்கள். விருமாண்டி சட்டைப்பையில் மை டப்பா வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏறும் ஒவ்வொரு பெண்ணிடமும் விசாரித்தார். வீட்டில் ருமானா அஜ்மல் பீவியிடம் மரியாதைக் குறைவாக ஒரு நாளும் நடந்ததில்லை. சாப்பிட்டு முடித்து, "நல்லாருந்துச்சுங்க" என்பாள். அந்த 'ங்க'வுக்கு அஜ்மல் பீவி பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். என்னை இப்படிக் கூப்பிடு என்று அவர் ஒருமுறையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்து வருவது தனக்கு வேண்டாம் என்று சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த ஹம்சவேணியிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஹம்சவேணி அதன்பிறகு ஒரு முகமும் வரையவில்லை.

2009 மே மாதம், பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பீர் முகமதுவின் வீட்டில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்து மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கரிசல் காட்டில் எந்த ஊரிலோ, எந்த வீட்டிலோ, பஸ்ஸில் அழுத அந்தப் பிள்ளையோ அதன் தாயோ வேறு யாரோ, கிழிந்த புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, எம்புட்டு அழகாயிருக்கு என்று சொல்லிக் கன்னத்தில் மை தொட்டு வைத்திருக்க வேண்டும். அது யாரென்று இதுவரை தெரியவில்லை. பதினாலு வயது ருமானா ஒரு வாய் அள்ளிப் போட்டு, மென்று, தலை நிமிராமலே, "அம்மா, தால்ச்சாவுல உப்பு கம்மி" என்றாள்.

பீர் முகமதுவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அஜ்மல் பீவி எழுந்து அடுப்படிக்குப் போனார். சுவரில் மூன்று தட்டுத் தட்டினார், அந்தப்பக்கம் ஹம்சவேணி பதிலுக்குத் தட்டுகிறவரை தட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்பு ஜாடியோடு திரும்பி வந்தார். தால்ச்சாவில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் மகளின் தட்டில் ஒரு சிட்டிகை போட்டார்.