வேற யாரெல்லாம் ஓட்டுவாங்க?

மகள் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. மார்பின் குளிர்ச்சி துணி வழியாகவே தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. சித்தப்பாதான் போய்க் கதவைத் திறந்தார்.

"இன்சூரன்ஸ்லேருந்து வர்றேன். கார் பார்க்க சார் வரச் சொல்லியிருந்தார். சார் இருக்காரா?"

சித்தப்பா கதவை விட்டு விலகி நின்றார். கூடத்தில் கிடந்த கட்டிலையும் சுற்றி நின்றவர்களையும் பார்த்ததும் வந்த இளைஞனுக்கே விளங்கிவிட்டது. கேமராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க. நான் இன்னொரு நாள்..."

"இருங்க, வர்றேன்," என்று மகள் சக்கர நாற்காலியைத் திருப்பினாள்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு அவளுடைய கால்கள் போயின. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, போன வருஷம் தன் பழைய காரைப் பட்டறையில் விட்டு, பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றிக் கொடுத்தார். மாற்றியதுகூடப் பெரிய பாடில்லை. அதற்கு இன்சூரன்ஸ் வாங்குவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. பிரேக்கில் கை வைத்த வண்டியா என்று இரண்டு கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. 'மாத்தினதைச் சொல்லாமலே புதுப்பிச்சுடுங்க, யார் பார்க்கப் போறாங்க' என்ற பட்டறைக்காரரிடம் அப்பா எகிறினார்: "எங்கயாவது இடிச்சா யாருய்யா பதில் சொல்றது? எம் பொண்ணு திருட்டுத்தனமா வண்டி ஓட்ட மாட்டா." மூன்றாவது கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டி, வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார். நேற்று டீ போடப் போனவர் அடுப்படியிலேயே சரிந்துவிட்டார்.

"பாப்பா, உனக்கென்ன பைத்தியமா?" சித்தப்பா காதோரம் குனிந்தார். "அண்ணனை இப்படிப் போட்டுட்டு..."

"இவர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் சுடுகாட்டுக்கு நான் வண்டிய எடுக்க முடியும், சித்தப்பா."

"நீ ஏன் எடுக்கணும்? என் கார்ல வா. நான் தூக்கி உட்கார வைக்கிறேன்."

"வேணாம்."

அத்தனை பேர் பார்க்க ஒருவர் தோளில் தொங்கிக்கொண்டு போய் அப்பாவை அனுப்ப அவளால் ஆகாது.

வாசலில் நின்ற காரை இளைஞன் படம் எடுத்து முடித்ததும், ஓட்டிக் காட்டச் சொன்னான். தயங்கித் தயங்கித்தான் கேட்டான். அவள் நாற்காலியிலிருந்து ஸீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். "முன்னால தள்ளினா பிரேக். இழுத்தா வேகம்," என்று யாரோ பேசுவதுபோல் அவள் குரலே அவளுக்குக் கேட்டது. தெருமுனை வரை போய்த் திரும்பினாள். அழுகை வந்தால் வரட்டும் என்றிருந்தாள். அதற்குள் இண்டிகேட்டர் போட வேண்டியிருந்தது.

"கால் பிரேக்கும் இருக்கே, மேடம்?"

"அது அப்பாவுக்கு."

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "வேற யாரெல்லாம் ஓட்டுவாங்க? பேர் சேர்க்கணும்."

"அப்பா."

அவன் விரல் அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவள் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"நான் மட்டும்தான்னு போட்டுக்கோங்க."

"எப்ப எடுக்கறாங்க, மேடம்?"

"மத்தியானத்துக்கு மேல."

ஆபீஸிலிருந்து பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம். அவன் இறங்கிப்போய் மதிலோரம் நடந்துகொண்டே யாரிடமோ பேசினான். கெஞ்சுகிறானா சண்டை போடுகிறானா என்று தெரியவில்லை. திரும்பி வந்து, "பேசிட்டேன். இப்பவே பாலிசி ஓகே ஆயிடுச்சு. நீங்க ஓட்டலாம்," என்றான். கும்பிடுவதா வேண்டாமா என்று கொஞ்சம் தடுமாறி, போய்விட்டான்.

அப்பாவை ஏற்றிய வெள்ளை வேன் முன்னால் போக, அவள் பின்னால் ஓட்டினாள். பக்கத்தில் சித்தப்பா. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது.

பெரிய சந்திப்பை வேன் கடந்ததும் சிவப்பு விழுந்தது.

"போயிடு பாப்பா, ஒட்டினாப்பலயே போயிடு. இன்னைக்கு யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

அவள் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். குறுக்கே ஒரு பள்ளிக்கூட பஸ் போனது. அதை ஒட்டி இன்னொன்று, ஜன்னல்களில் கையை ஆட்டும் பிள்ளைகளோடு. அதுவும் நகர்ந்த பிறகு எதிர்ப்புறம் தெரிந்தது. வேன் சாலையோரமாக ஒதுங்கி, பின்விளக்கு விட்டு விட்டு எரிய நின்றுகொண்டிருந்தது.