வலிக்கு முந்திய பயணம்

முத்துப்பேச்சிக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் கால் கீழாக மாறிக் கிடந்தது. மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலுமாக நரிக்குடியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளுக்கு நினைவே இல்லை. வயிற்றைக் கிழித்துத்தான் பையனை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: “கருப்பையில தையல் இருக்கும்மா. அடுத்த பிரசவத்துல வலி எடுத்தா அது விட்டுப்போகலாம். வலி வருமுன்னாடியே இங்க வந்துரணும்.”

ஊர் அந்த ஆபரேசனைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘பெறத் தெம்பில்லாதவ’ என்று களையெடுக்கும் இடத்தில் அவள் காதுபடவே பேசினார்கள்.

நாலு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், மறுபடி நிறைமாதம். மருத்துவச்சி சோலை வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இந்தத் தடவ தலை கீழதான் இருக்கு தாயி. சுகமாப் பெத்துருவ.”

நாத்தனார் மாயக்காளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. “வீட்டுலயே பெத்து ஊரு வாய அடைங்க மதினி!”

முத்துப்பேச்சிக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. ஆனால் தான் போய்விட்டால் தாயில்லாமல் நிற்கும் மகனை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கே புருஷன் உக்கிரபாண்டியிடம் சொல்லிவிட்டாள்.

“நாளைக்கு மதுரைக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

அறுப்பு நேரம். கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த நெல் வயலில் நின்றது. அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

“கதிரு எங்கயும் ஓடிப்போகாது. கெளம்பு.”

ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில நாளில் லேசாக இடுப்பு கடுத்தது. உடனே ஆபரேசன் செய்தார்கள். பெண் குழந்தை.

கண் விழித்தவளிடம் டாக்டரம்மா குனிந்து பேசினார். “தையல் இருந்த இடம் வெங்காயத் தோலாட்டம் மெலிஞ்சு போயிருந்துச்சு. வீட்டுல வலி முத்தியிருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்காது. முன்னாடியே கூட்டியாந்தாரே ஒம் புருஷன், கெட்டிக்காரருதான்.”

உக்கிரபாண்டி இல்லையென்று அவசரமாகத் தலையாட்டினான். “நானா கூட்டியாந்தேன் டாக்டரம்மா? இவதான் என்னையக் கூட்டியாந்தா!”

அடுத்தடுத்த கட்டில்காரிகளிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் புதுத் தையல் சுரீரென்றது. வயிற்றை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி சிரித்தாள்.

ஊர் திரும்பும்போது, அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிய ஒரு அம்மாள் குழந்தையை எட்டிப் பார்த்தாள்.

“சுகப்பிரசவமா தாயி?”

“ஆபரேசன்தான்க்கா” என்றாள் முத்துப்பேச்சி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி. “ரெண்டாவது.”