மூன்றாவது படத்துக்கு மாலை

வெஸ்டர்ஹோல்ம் கார் கொம்பனிக்கு நூறு வயது கடந்துவிட்டது. அந்தச் சுவீடன் கார்களை ஒஸ்லோவில் விற்கிற கடை ஸ்டோவ்னர் பக்கம் இருந்தது. அங்கே பத்மநாதன் நெடுங்கால விற்பனையாளர். அக்கம்பக்கத்துப் புருசெத்திலும் அம்மருட்டிலும் வெஸ்டர்ஹோல்ம் ஓடும் தமிழரில் பாதிப்பேர் அவருடைய வாய்ப்பேச்சில் விழுந்தவர்கள்தான். அந்த வாய்க்கு ஏற்ற பதவிக் கதிரை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது கிடைக்கும்போல இருந்தது. கடை மேலாளர் ரூனே ஓய்வு பெறப்போகிறார். நல்ல தேகசுகத்தோடு இருக்கும் மனிதர், இனி மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிக் கதிரையை விடுகிறார். பத்மநாதனுக்கு இது கொஞ்சமும் விளங்கவில்லை. பாவம், ஏதோ பெரிய நோய் வருத்தத்தை மறைக்கிறார் என்று இரங்கி, மனைவி புஷ்பராணியைக் கொண்டு இடியப்பமும் சொதியும் செய்வித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரூனே காரணம் கேட்காமல் சாப்பிட்டார்.

அடுத்த மேலாளர் யார் என்பதைக் கொம்பனித் தலைவர் ஹென்றிக் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று செய்தி வந்தது. அவர் வரும் நாளில் கொம்பனியின் வரலாற்றைக் காட்ட ஒரு மூலை ஒழுங்குபடுத்த வேண்டும். பத்மநாதன் முந்திக்கொண்டு அந்தப் பொறுப்பை எடுத்தார். தலைமை அலுவலகம் அனுப்பிய புத்தகத்தைச் சோதனைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தார். சைக்கிள் திருத்தும் கொட்டிலில் தொடங்கிய குஸ்தாவ், அவர் மகன் எமில், எமிலின் மகன் ஆக்செல், ஆக்செலின் மகன் ஹென்றிக். நான்கு பேருக்கும் பெரிய படம் செய்வித்தார். காலமான மூவருக்கும் மாலை போட்டு விளக்கு வைப்பதென்று தீர்மானித்தார்.

மாலை கட்டிக்கொண்டிருந்த புஷ்பராணிக்கு மட்டும் ஒரு சந்தேகம். மூன்றாவது ஆள் செத்துவிட்டார் என்று புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் தலைவர் பதவி முடிந்தது என்று இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்றார் பத்மநாதன். புஷ்பராணி அடுத்த பூவை எடுத்தாள். அவளுக்கும் புருசெத் தமிழர் நலன்புரிச் சங்கத்தைத் தெரியும். அதன் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா பதவிக்கு வந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வருகிறார்கள். அவருக்கு முந்தியவர் பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். கதிரை காலியாவதற்கு அந்த ஒரு வழியைத்தான் இவர்கள் கண்டிருந்தார்கள்.

விழா நாள் வந்தது. கடைக்குள் நெருப்புக் கூடாது என்பதால் பற்றரி விளக்கு எரிந்தது. ஹென்றிக் காரிலிருந்து இறங்கினார். பின்கதவால் ஊன்றுகோலோடு ஒரு கிழவரும் இறங்கினார். அப்பாவும் வர ஆசைப்பட்டார், இவர்தான் ஆக்செல் என்று ஹென்றிக் அறிமுகம் செய்தார்.

ஆக்செலின் படத்தை மறைத்துக்கொண்டு நிற்கலாமென்றால் பத்மநாதன் ஆள் கட்டை. கிழவர் நேரே வந்து, தன் முகத்தைச் சுற்றித் தொங்கிய செவ்வந்திப் பூவைப் பார்த்தார். மகனுக்கு மட்டும் ஏன் பூவில்லை என்று கேட்டார்.

மூத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லப் பத்மநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் யதுர்ஷா, இது செத்தவர்களுக்குப் போடுவது என்று நோர்வேஜிய மொழியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, கேட்டால் பதில் சொல்லிவிடும்.

ரூனே கூரையைப் பார்த்தார்.

“நான் செத்துவிட்டேன் என்று உனக்கு யார் சொன்னது?” என்று கிழவர் பத்மநாதனைக் கேட்டார்.

கதிரை கைநழுவிப் போயிற்று என்று பத்மநாதனுக்குத் தெரிந்துவிட்டது. போனது போகட்டும், இனிப் பொய் எதற்கு என்று உள்ளதைச் சொன்னார்.

“எங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கும்வரை தலைவர் கதிரையை விடுவதில்லை. நீங்கள் விட்டதாகப் புத்தகத்தில் இருந்தது. அதனால் போய்விட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன்.”

கிழவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்தும் நிறுத்தவில்லை. பிறகு ஊன்றுகோலை மகன் பக்கம் நீட்டினார்.

“நானும் விடவில்லை. இவன்தான் இழுத்து எடுத்தான்.”

ஹென்றிக்கின் முகம் பீற்றூட்டாய்ச் சிவந்தது. கிழவர் மாலையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பிய நாளில் ஒருவன்கூட ஒரு பூ தரவில்லை, இந்த மனிதர்தான் தந்திருக்கிறார், கதிரையின் அருமை இவருக்குத் தெரியும் என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அப்பா அடுத்த கதையைத் தொடங்குமுன் அங்கிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது ஹென்றிக்குக்கு. அந்த இடத்திலேயே பத்மநாதனின் கையைக் குலுக்கி, நீங்கள்தான் மேலாளர் என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

பத்மநாதனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. சொந்தக்காரர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தார். நியமனக் கடிதம் வந்ததும் புஷ்பராணிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். சம்பளம், லீவு, கொம்பனிக் கார் எல்லாவற்றையும் இழுத்து இழுத்து வாசித்தவர், பதவிக்காலம் ஐந்து வருடம் என்ற இடத்தில் நின்றுவிட்டார். இதைவிடச் சந்தோசம் வேறென்ன இருக்கு, ஏன் முகத்தைச் சுளிக்கிறியள் என்று கேட்டாள் புஷ்பராணி.

“அஞ்சு வருசத்திலை எழும்பிப் போறதெண்டால்,” என்றார் பத்மநாதன், “பிறகேன் என்னைக் கதிரையிலை இருக்கச் சொல்லுறாங்கள்?”