பதினான்கு மாதச் சமாதானம்

சயீதுக்குக் கடைசியாக வலிப்பு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மாத்திரை ஒருவேளைகூடத் தவறியதில்லை. டாக்டருக்கு வாயெல்லாம் பல். அப்படியிருக்க, அவனுக்கு ஏன் அடிக்கடி அழுகை முட்டிக்கொண்டு வருகிறது? அதுதான் பிடிபடவில்லை.

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் அண்ணன் சுப்ஹானின் சாப்பாட்டுக் கடையில் டீ இழுத்து ஆற்றியவன் அவன். இனிக் கொதிதண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று அண்ணன் அவனை விசிறிக்குக் கீழே உட்கார்த்தி வைத்துவிட்டார். வீட்டிலும் புதுமாப்பிள்ளை உபசாரம்தான். கோபம் வந்தால் வலிப்பு வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவனிடம் ஒருவரும் குரலை உயர்த்தக்கூடாது என்று சட்டம் போட்டவள் மனைவி மைமூன்.

இன்று கிளினிக்கில் தாதி ஒரு படிவத்தை நீட்டினாள். நோயோடு வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். சயீத் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தான். கூட வந்த மைமூனே படித்து, அவனைக் கேட்காமலே குறித்துக்கொண்டு போனாள்.

"போன மாசம் மனசு சோர்வா இருந்துச்சா? இல்ல."

"இரு லா. இருந்துச்சு."

பேனா நின்றது. "மாத்திரையாலயா மச்சான்?"

மாத்திரையா, நோயா, இல்லை தன் புத்தியே இப்படியா? எப்படி யோசித்தாலும் குழம்பியது. போன வாரம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவராமல் தூங்கிவிட்டான். பிள்ளை ஒரு மணி நேரம் வெயிலில் நின்றாள். பழைய மைமூன் என்றால் அவள் போடும் சத்தத்தில் தெருவே கூடியிருக்கும். இவளோ, "பரவால்ல மச்சான், தண்ணி குடிங்க" என்றாள். அன்றைக்குத்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அழுதான்.

"எப்பலேர்ந்து இப்படி?" என்றாள் மைமூன்.

"நீ என்கூட சண்டை போடுறத விட்டதுலேர்ந்து."

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. மைமூனின் முகம் சிவந்தது.

"பதினாலு மாசமா வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டுக் கெடக்கேன், யாருக்காகன்னு நெனச்சீங்க? பெத்த பிள்ளைய வெயில்ல நிக்க வெச்சுட்டுத் தூங்குன மனுசனுக்கு..."

சட்டென்று நிறுத்தினாள். அவள் கண்கள் அவன் விரல்களுக்கு ஓடின. வலிப்பு வரும் முன் முதலில் நடுங்குபவை அவைதான்.

சயீதும் குனிந்து பார்த்தான். விரல்கள் நடுங்கவில்லை. பயமா சந்தோஷமா என்று விளங்காமல் நெஞ்சுதான் அடித்துக்கொண்டது.

"மிச்சத்தையும் சொல்லு மைமூன்" என்றான்.