மாதிரி ஞானத்தகப்பன்

ஜோலனா தன் மகளை ஏ வகுப்பில் சேர்த்தே தீருவேன் என்று சொன்னபோது, அந்த ஸ்லோவாக்கியக் கிராமத்தில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, மகள் ஷானெட்டா. இன்னொருவன், கைக்குழந்தை கெவின். அவன் எதற்குமே சிரிப்பதில்லை.

ஏ வகுப்பு பள்ளிக்கூட மாடியில் இருந்தது. காஜோக்களின், அதாவது ரோமா அல்லாதவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். ஜிப்சிகள் என்று ஊரார் சொல்லும் ரோமா இனத்துப் பிள்ளைகளுக்கு சி வகுப்பு. அது மைதானத்துக்குப் பின்னால், லாரியில் வந்து இறங்கிய ஒரு தகரப் பெட்டிக்குள் நடந்தது. பி வகுப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் காற்றோட்டம் இருக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

ஜோலனாவும் சி வகுப்புக்காரிதான். அங்கே வருஷக்கணக்காகப் படத்துக்கு வர்ணம் தீட்டினாள். இன்றைக்கும் பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வாசித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஆறவே இல்லை.

தலைமையாசிரியர் கோவாலிக் தங்கமான மனிதர் என்று பெயரெடுத்தவர். பேச்சில் சர்க்கரை, கையில் பூட்டு.

"ஏ வகுப்புல ஒரு நாற்காலிகூட காலியில்லம்மா."

"ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன் சார். கடைசி வரிசையில ஒண்ணு இருக்கு. அதுல உங்க டீச்சரம்மாவோட கைப்பை ஒக்காந்திருக்கு."

"அதெல்லாம் கணக்குல வராது."

"கைப்பைக்கு ஆறு வயசு ஆயிடுச்சா சார்?"

கோவாலிக் சிரித்தார். "உங்க ஆளுங்களோட இருந்தாத்தான் உன் பொண்ணு சந்தோஷமா இருப்பா" என்று சொல்லிக்கொண்டே கதவுவரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

வசந்த காலத்தில் தலைநகரிலிருந்து ஒரு குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. ரோமாப் பிள்ளைகளையும் வெளிநாட்டிலிருந்து குடிவந்த பிள்ளைகளையும் எல்லோரோடும் கலந்து உட்காரவைக்கும் பள்ளிகளுக்கு அவர்கள் பணம் தருகிறார்களாம். கோவாலிக்கின் நெஞ்சில் திடீரென்று அன்பு பொங்கியது. அன்று ஒருநாள் மட்டும் தகரப் பெட்டிப் பிள்ளைகளுக்குத் தலை வாரி, மாடிக்கு ஏற்றி, காஜோப் பிள்ளைகளுக்கு நடுவே உட்காரவைத்தார். ரோமாத் தாய்மார்களையும் கைதட்டக் கூப்பிட்டார். ஜோலனா கெவினை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பேசப் பேச கோவாலிக்குக்குக் குரல் தழுதழுத்தது. புகைப்படக்காரரைப் பார்த்ததும் கெவினைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான் வெறும் வாத்தியார் இல்ல. இவனுக்கு நான் ஞானத்தகப்பன் மாதிரி!"

ரோமாக்களிடம் எந்தச் சொல்லை வைத்து விளையாடினாலும் இந்தச் சொல்லை வைத்து விளையாடக் கூடாது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பனை அவர்கள் கிர்வோ என்பார்கள். கூடப் பிறந்தவனோடு ஆயுசுக்கும் பேசாமல் இருக்கலாம், கிர்வோவிடம் முகம் சுளிக்கக் கூடாது. அவர் கேட்டால் நாம் இல்லை என்று சொல்லக் கூடாது. நாம் கேட்டால் அவரும் சொல்லக் கூடாது.

ஜோலனா பாய்ந்து எழுந்தாள். "கிர்வோ!" என்று கூவி, அத்தனை பேர் முன்னாலும் அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். கெவின் தன் பங்குக்கு அவர் சட்டையை நனைத்தான்.

குழுத் தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஞானஸ்நானம் எப்போ?" என்று கேட்டார்.

கோவாலிக் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கெழம மேடம், நீங்களும் அவசியம் வரணும்" என்றாள் ஜோலனா.

வருவதாகத் தலைவி வாக்குக் கொடுத்தார். பணத்துக்கு அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை கோவாலிக் தேவாலயத்தில் கெவினின் ஞானத்தகப்பனாக மெழுகுவர்த்தியோடு நின்றார்.

அன்று வீட்டில் கணவன் ருடோ தலையில் அடித்துக்கொண்டான். "ஏண்டி, அந்த ஆளு 'மாதிரி'ன்னுதானேடி சொன்னாரு?"

"எனக்குப் படிப்பு ஏறாதுன்னு அந்தப் பள்ளிக்கூடந்தானே சொல்லுச்சு? மாதிரின்னா என்னன்னு எனக்கெப்பிடித் தெரியும்?"

அதற்குப் பிறகு கோவாலிக் ரொட்டிக்கடைக்குப் போனால், தெருவின் அந்தக் கோடியிலிருந்து "கிர்வோ, சௌக்கியமா?" என்று குரல் வரும். உருளைக்கிழங்கு அடைத்த பன்றிக்குடல் தட்டோடு ஜோலனா அவர் வீட்டு மணியை அடிப்பாள். முதல் தடவை மூக்கைப் பொத்திய அவர் மனைவி, அடுத்த தடவை "இன்னும் கொஞ்சம் கொண்டுவரக் கூடாதா?" என்றார். மூன்றாம் தடவை ஜோலனா வாசலிலேயே நின்று கேட்டாள்.

"கிர்வோ, ஷானெட்டாவுக்கு அந்த நாற்காலி வேணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டைப் பார்த்தார்.

செப்டம்பரில் கைப்பை சுவர் ஆணிக்குப் போனது, ஷானெட்டா நாற்காலிக்கு வந்தாள். யார் இந்தப் பெண் என்று சண்டைக்கு வந்த காஜோ அப்பா ஒருவரிடம், "என் ஞானப்பிள்ளையோட அக்கா" என்று கோவாலிக் தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

முதல் நாள் பள்ளி விட்டு ஷானெட்டா வந்தபோது ஜோலனா வீட்டு முற்றத்தில் ஒரே கூட்டம். சி வகுப்புத் தாய்மார்கள் எல்லோரும் கைக்குழந்தையும் கையுமாக வந்திருந்தார்கள். எந்த காஜோவை எப்படிக் கிர்வோ ஆக்கலாம், தபால்காரர் தேறுவாரா என்று ஆலோசனை நடந்தது. ஜோலனா உருளைக்கிழங்கு உரித்தபடி மகாராணிபோல யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

"அம்மா, என் பக்கத்துல சிமோனான்னு ஒருத்தி. உன்னோட கிர்வோ யாருன்னு அவளக் கேட்டேன்."

"யாராம்?"

"அப்பிடி யாருமே இல்லியாம். அவளுக்கு ஞானஸ்நானமே ஆகலியாம்."

"அடிப்பாவி!" என்று முற்றமே சிரித்தது.

"அப்ப ஏ வகுப்புல ஒன்ன எப்பிடிச் சேத்தாங்கன்னு கேட்டேன்."

"என்னடி சொன்னா?"

"சும்மா வந்தேன்னா."

ஜோலனாவின் கை நின்றது. "சும்மாவா?"

"ஆமாம்மா. சும்மா."

முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு நாற்காலிக்காகத் தான் அடித்த கூத்தெல்லாம், கொடுத்த முத்தமெல்லாம் நினைவுக்கு வர, ஜோலனாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏ பொண்ணுங்களா, தபால்காரர விடுங்க. நாளைக்குக் காலையில பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மாடிக்கு வாங்க."

"யாரைப் பாத்துக் கேக்கணும் ஜோலனா?"

"யாரையும் கேக்க வேணாம். சும்மா ஏறுங்க. படிய மறிச்சுக்கிட்டு எங்க கிர்வோ நிப்பாரு, அவர நான் பாத்துக்கறேன். அவரால எங்கிட்ட இல்லைன்னு சொல்ல முடியாது."