காதைத் திருகினால்

படகுக்கு இப்போது வாங்கியிருக்கும் புதுப் பெட்ரோல் டேங்கின் மூடியில் திருகு கிடையாது. காற்று தானாகவே உள்ளே போய்க்கொள்ளுமாம். காலையில் படகில் ஏறியதும் அக்காவின் கட்டைவிரல் மட்டும் இன்னும் மூடிப் பக்கம் போய்விட்டுத் திரும்புகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய சிவப்பு டேங்க் ஞாபகம் வரும்.

அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, அக்கா படகை எடுத்தாள். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகு. இருபது நிமிடப் பயணம். பள்ளியை விட்டு நின்றிருந்த நான் முன்பக்கம் உட்கார்ந்து கயிறு கட்டுவேன். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரமே மோட்டார் மானத்தை வாங்கியது. துறையில் ஒரே இழுப்பில் கிளம்பும். பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அக்கா எவ்வளவு முறுக்கினாலும் வேகம் இறங்கிக்கொண்டே வந்து, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று அக்கா டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பாள். பாதிக்கு மேல் இருக்கும். மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

"அதுக்கும் துக்கம்டி. உங்கப்பா கைக்குப் பழகினது" என்றாள் அம்மா.

"துக்கமா இருந்தா துறையிலயே அழ வேண்டியதுதானே? நடு ஆத்துல வந்துதான் அழணுமா?" என்றாள் அக்கா.

மோட்டாரைக் கழற்றி மெக்கானிக் கடைக்குத் தூக்கிப் போனோம். எதைக் கேட்டாலும் காதில் செருகிய ஸ்பேனரை எடுத்துத் தலையைச் சொறிந்துவிட்டுத்தான் பதில் சொல்வார் அவர். ஊரில் அவருக்கு ஸ்பேனர் அண்ணன் என்றே பெயர். மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் மாட்டி, தன் கடை டேங்கின் குழாயைச் செருகி ஓட விட்டார். அரை மணி நேரம் பாட்டுப் பாடுவதுபோல் ஓடியது.

"தண்ணி நல்லா பீச்சுது. சூடு ஏறல. பிளக் மாத்திட்டேன், பில்டர் மாத்திட்டேன், விசிறியில சுத்தியிருந்த நூலையும் எடுத்துட்டேன். மோட்டார் சுத்தத் தங்கம். ஓட்டுறதுலதான் ஏதோ..." என்று இழுத்தார்.

"ஓட்டுறதுல என்னண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார்.

மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும். துறையில் எந்தப் படகு எப்போது போகவேண்டும் என்று முறை போடும் துறைக்காரர் அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டார். "பாப்பா, உங்கப்பா முகத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். நாளைக்கு முதல் நடையில நானே ஏறி வர்றேன். நடுவுல நின்னுச்சுன்னா உன் முறையை வேற படகுக்குக் குடுத்துடுவேன். கோவிச்சுக்காத."

அக்கா தலையாட்டினாள். அந்த முறை போனால் அப்பாவின் படகைக் கரையில் கவிழ்த்துப் போடவேண்டியதுதான்.

துறையில் வைத்தால் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால், டேங்கைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவோம். சமையலறை மூலைதான் அதற்கு இடம். வழக்கம்போல அம்மா அதை ஈரத்துணியால் துடைத்து, மூடியை இறுக்கி, "சாப்பாடெல்லாம் இந்த நாத்தம்" என்று முணுமுணுத்தாள். நான் பிறந்ததிலிருந்து கேட்கும் முணுமுணுப்பு.

மறுநாள் படகில் பன்னிரண்டு பேர். நடுப்பலகையில் துறைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆற்றைப் பாதிக்கு மேல் தாண்டியதும் மோட்டாரின் குரல் கம்மியது.

"ஆரம்பிச்சிடுச்சுப்பா. நீச்சல் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க" என்றார் ஒருவர். சிரித்தார்கள். அக்காவின் காது மடல்கள் சிவந்தன.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் காலடியைப் பார்த்தேன். டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில் கையால் அழுத்துகிற ரப்பர் உருண்டை ஒன்று உண்டு. அது பல்லில்லாத வாயின் கன்னம்போல ஒட்டிப்போயிருந்தது. மோட்டார் உறிஞ்சுகிறது, ஆனால் வரவில்லை. டேங்க் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

அப்போதுதான் அப்பாவின் கை ஞாபகம் வந்தது. கயிற்றை இழுப்பதற்கு முன், டேங்கை இரண்டு தட்டு தட்டி, மூடியின் உச்சியில் எதையோ விரலால் திருகுவார். "இவளுக்குக் காதைத் திருகினாத்தான் புத்தி வரும்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, காது!" என்று கத்தினேன். பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள்.

"என்னடி காது?"

துறைக்காரரின் காலைத் தாண்டித் தவழ்ந்து போய் மூடியின் மேல் விரல் வைத்தேன். பொத்தான் அளவுக்கு ஒரு திருகு, இறுக்கமாக இருந்தது. இரண்டு சுற்றுத் திருகியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டது. ரப்பர் உருண்டையின் கன்னம் உப்பியது. சாகப் போன மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. நான் துறைக்காரரின் மடியில் போய் விழுந்தேன்.

"காதைத் திருகினதுக்கே இந்த ஓட்டமா?" என்று சிரித்தவர், கரையில் இறங்கும்போது அக்காவிடம், "உன் முறை உனக்குத்தான். தங்கச்சியையும் கூட்டிட்டு வா" என்றார்.

அன்று மாலை அம்மா டேங்கைத் துடைத்தாள். மூடியை இறுக்கினாள். பிறகு அதன் உச்சியிலிருந்த திருகையும் இறுக்கினாள். நானும் அக்காவும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா..." என்று தொடங்கிய அக்கா நிறுத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. நாத்தம் போச்சான்னு கேட்டேன்."

"இறுக்கிட்டேன்ல, போயிடும்."

வாசலுக்கு வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா அம்மா சாயந்திரம் இறுக்க, அப்பா காலையில தளர்த்தியிருக்காரு. ஒரு நாளாவது, ஏன் இறுக்குறேன்னு கேட்டாரா பாரு" என்றாள்.

மறுநாள் காலை டேங்கை இரண்டு தட்டு தட்டி அக்கா காதைத் திருகினாள். அப்பாவைப் போலவே என்னைப் பார்த்துக் கண்ணடிக்கப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. இரண்டும் சேர்ந்தே மூடிக்கொண்டன.